நகம் பட்ட கன்றுகள்

அந்த ஆறு மாதத்தில் முதல் நாலு மாதமும் என் வலது பெருவிரல் நகத்தின் கீழே ஒரு பச்சைக் கோடு இருந்தது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நிற்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே வருவேன். அழுக்கு என்று ஒருநாளும் தோன்றியதில்லை. வேலை செய்கிற கையின் அடையாளம் என்று நினைத்தேன். கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைவிட அந்தக் கோட்டில்தான் எனக்குப் பெருமை அதிகம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். அப்பா கையெழுத்து மட்டும் வைக்கப் பழகியிருந்தார். பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு அதுவும் போய்விட்டது. எங்கள் ஊரான சாம்பல்தீவில் அவருடைய தோணி கவிழ்த்துப் போட்டபடி கிடந்தது. அம்மா விடிவதற்கு முன் எழும்பி இறால் உரிக்கப் போவார். ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டு, தலைக்குப் பின்னால் பெருவிரல் நகத்தைக் கொடுத்து ஓட்டைப் பிளந்து உரிக்கிற வேலை. அம்மாவின் நகம் பாதிக்கு மேல் தேய்ந்து, ஊறி, வெள்ளையாக இருக்கும். அந்த நகம் எனக்கு வரக்கூடாது என்று சின்ன வயதிலேயே முடிவெடுத்துவிட்டேன். நான் படித்ததற்கு வேறு பெரிய காரணம் எதுவும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

சுற்றாடல் பாடத்தில் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். அதன் கடைசி ஆறு மாதமும் ஓர் அரச அலுவலகத்தில் பயிலுநராக வேலை செய்யவேண்டும். கரையோரத்து உப்புச் சேற்றில் வளர்கிற கண்டல் காடுகளைப் பார்த்துக்கொள்கிற அலுவலகம் ஒன்று டவுனுக்குள் ஓர்ஸ் ஹில்லில் இருந்தது. மாதக் கொடுப்பனவோடு இரண்டு பயிலுநர்களை எடுத்தார்கள். ஒருத்தி நான். மற்றவள் கிண்ணியாவிலிருந்து வந்தவள். ஆறு மாதமும் முடிய, இருவரில் ஒருத்தியை ஒரு வருட ஒப்பந்தத்தில் கள உதவியாளராக வைத்துக்கொள்வோம் என்று முதல்நாளே சொல்லிவிட்டார்கள்.

அந்த ஒரு இடம் எனக்கு வேண்டும். அன்றிரவு சாப்பிடும்போது அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டேன். சொன்னதுதான் பிழை. அடுத்த நாளே அம்மா இறால் உரிக்கிற இடத்தில் எல்லாரிடமும், "இன்னும் ஆறு மாசம்தான், பிறகு நான் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

மாரி காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டு, கடல்நீர் ஏறி இறங்குகிற களப்பு ஓரம் முழுக்கக் கண்டல் கன்றுகள் நட்டிருந்தார்கள். அவற்றில் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று ஆறு மாதமும் எண்ணி எழுதுவதுதான் எங்கள் வேலை. சாம்பல்தீவுப் பக்கத்துப் பாத்திகள் மூன்று எனக்கு. கிண்ணியாப் பக்கத்து மூன்று அவளுக்கு. ஒரு பாத்திக்கு நூறு கன்று. ஒவ்வொன்றின் அருகிலும் நம்பர் எழுதிய தடி.

முதல்நாள் எங்கள் அதிகாரி, எல்லாரும் சேர் என்று கூப்பிடுகிறவர், காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுச் சேற்றுக்குள் இறங்கினார். இலை எல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாக நின்ற ஒரு கன்றைக் காட்டினார்.

"இலை இல்லையெண்டு செத்துப்போச்செண்டு எழுதிப்போடாதையுங்கோ. சந்தேகமெண்டா இப்பிடி நகத்தால ஒருக்கா சுரண்டிப் பாருங்கோ."

மேல்தோல் போன இடத்தில் ஈரமான பச்சை தெரிந்தது.

"பாத்தீங்களோ? உயிர் இருக்கு."

கிண்ணியாக்காரி தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "சேர், எனக்கு நகமே இல்ல. சின்னனில இருந்து கடிச்சுக் கடிச்சு இதுதான் மிச்சம்."

"அப்ப பல்லால சுரண்டுங்கோ" என்றார் சேர். சிரித்தோம். நான் கொஞ்சம் குறைவாகத்தான் சிரித்தேன். இவளோடு போட்டி போடுவது அவ்வளவு கஷ்டமாக இருக்காது என்று அந்தச் சேற்றில் நின்றபடியே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

நான் வேலை செய்த விதத்தை இப்போது நினைத்தாலும் பிழை சொல்ல மனம் வருவதில்லை. அதுதான் கொடுமை. காலையில் வற்றுநீரில் இறங்குவேன். ஒன்றாம் நம்பரிலிருந்து தொடங்குவேன். குனிந்து, தண்டைப் பிடித்து, நகத்தால் சுரண்டி, பச்சையைப் பார்த்து, கொப்பியில் சரி போட்டுவிட்டுத்தான் அடுத்த கன்றுக்குப் போவேன். சந்தேகம் வந்தால் மட்டும் சுரண்டச் சொன்னார் சேர். எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வந்தது. இலை பச்சையாக இருந்தாலும் உள்ளே செத்திருக்கலாம் அல்லவா? கண்ணால் பார்த்து எழுதுவது சோம்பேறிகளின் வேலை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் தினக்குறிப்பேட்டில் ஒரே வசனத்தை முத்து முத்தான எழுத்தில் எழுதுவேன்: 'ஒவ்வொரு கன்றும் தனித்தனியே சுரண்டிப் பரிசோதிக்கப்பட்டது.' சேர் அதன் கீழே கையெழுத்து வைப்பார். ஒருமுறை, "இப்பிடியெல்லோ எழுத வேணும்" என்று அந்தப் பக்கத்தை மற்றவளுக்கு எடுத்துக் காட்டினார்.

"எனக்கு அவவின்ர எழுத்து வராது சேர்" என்றாள் அவள். "ஆனா கன்று நல்லா நிக்குது."

மூன்றாம் மாதம் என்னுடைய கன்றுகள் சாகத் தொடங்கின.

முதலில் ஒன்றாம் பாத்தியில் நாலைந்து. இலை மஞ்சளாகி, நுனி கறுத்து, ஒரு கிழமையில் குச்சி. சுரண்டிப் பார்த்தால் உள்ளே தவிட்டு நிறம். அடுத்த கிழமை பத்து. வெயில் காலம், களப்பில் உப்பு கூடியிருக்கும் என்றார் சேர். நானும் அப்படியே எழுதினேன். கிழமைக்கு ஒருமுறை போனவள் இரண்டுமுறை போகத் தொடங்கினேன். பிறகு ஞாயிற்றுக்கிழமையும் போனேன். எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டேனோ என்ற பயம். போய் என்ன செய்தேன்? குனிந்தேன், பிடித்தேன், சுரண்டினேன். இன்னும் பச்சை இருக்கிறது என்று கண்ட ஒவ்வொரு முறையும் நெஞ்சுக்குள் கொஞ்சம் காற்று வரும். அந்தக் காற்றுக்காகவே அடுத்ததைச் சுரண்டுவேன்.

வீட்டில் அம்மா கேட்பார். "எப்பிடிப் பிள்ள, உன்ர கன்றெல்லாம்?"

"நிக்குது."

"எல்லாம் நிக்குதோ?"

"ஓமம்மா. சாப்பிடுங்கோ."

நாலாம் மாதக் கடைசியில் என் பாத்திகளில் பாதி போய்விட்டது. கிண்ணியாப் பக்கத்தில் ஒன்றிரண்டுதான் போயிருந்தன. அவளுடைய எண்ணிக்கைத் தாளைக் கண்டபோது முதலில் எனக்கு வந்தது கவலை இல்லை, கோபம். அதே கடல், அதே வெயில், அதே உப்பு. இவள் பொய் எழுதுகிறாள் என்று முடிவெடுத்தேன். ஒருநாள் அவளோடு கூடப் போய் அவள் வேலை செய்வதைப் பார்த்தவள் நான். வரம்பில் நின்றுகொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, விரலை நீட்டி எண்ணினாள். செருப்பில் சேறு படவில்லை.

வெள்ளிக்கிழமை சேரின் மேசைக்கு முன்னால் இருந்த இரண்டு கதிரைகளிலும் நாங்கள் இருந்தபோது அதைச் சொல்லிவிட்டேன். தனியாகச் சொல்லியிருக்கலாம். அவள் கேட்கவேண்டும் என்றுதான் சொன்னேன்.

"சேர், இவ இறங்கிப் பாக்கிறேல்ல. வரம்பில நிண்டு குடையோட எண்ணுறா. இந்த நம்பர் சரியெண்டு எப்பிடி நம்புறது?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபத்தை விட ஆச்சரியம்தான் அந்த முகத்தில் இருந்தது.

"கண்ணாலதானே புள்ள எண்ணுறது. மூக்காலயா எண்ணுவாங்க?"

"சுரண்டிப் பாத்தியோ?"

"பச்சை இலை நாலு நிக்குது. அதச் சுரண்டி என்னத்தப் பாக்க? உசிரோட இருக்கிற ஆளுக்கு மரண அத்தாட்சிப் பத்திரமா கேக்கிற?"

சேர் பேனையை மேசையில் வைத்தார். "சரி, சரி. திங்கக்கிழமை மூண்டு பேருமாப் போய்ப் பாப்பம். சண்டை வேண்டாம்."

சனியும் ஞாயிறும் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க வேண்டியதில்லை. அவள் பிடிபடுவாள், அந்த இடம் எனக்கு வரும் என்று நம்பினேன்.

திங்கட்கிழமை ஜீப்பில் கிண்ணியாப் பக்கம் போனோம். வழியெல்லாம் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கி வரம்பில் ஏறினோம். முதல் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முழங்கால் உயரத்துக்கு, மினுமினுத்த இலைகளோடு, அந்தப் பாத்தியின் நூறும் நிரைநிரையாக நின்றன. காற்று வந்தபோது எல்லாம் ஒன்றாக ஆடின. சேர் எண்ணிக்கொண்டு போனார்.

எனக்கு நம்ப முடியவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சேற்றில் இறங்கினேன். முதல் கன்றைப் பிடித்து நகத்தை வைத்தேன்.

"ஐயோ, கை வைக்காத!" அவள் குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "நாலு மாசமா நான் ஒண்டயும் தொடல்ல. நீ வந்து ஏன் புள்ள அதப் பிறாண்டுற?"

என் பெருவிரலுக்குக் கீழே அந்தத் தண்டு இருந்தது. வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல், குழந்தையின் கை போல.

நான் கையை எடுத்தேன். சேர் திரும்பிப் பார்த்து, "என்ன பிள்ளை?" என்றார். "ஒண்டுமில்ல சேர்" என்றேன். திரும்பி வந்து டவுனில் ஜீப்பை நிற்பாட்டச் சொல்லி இறங்கி, சாம்பல்தீவு பஸ் ஏறினேன். தலையிடி என்று சொன்னதாக ஞாபகம்.

என் ஒன்றாம் பாத்திக்குப் போனேன். அன்று நீர் ஏறிக்கொண்டிருந்தது. முதல் தடவையாக நான் பச்சையைத் தேடாமல் அந்தத் தண்டுகளைப் பார்த்தேன். கீழிருந்து மேலே, சுற்றிச் சுற்றி, காயத்துக்குப் பக்கத்தில் காயம். ஒவ்வொரு முறையும் பழைய இடத்தைத் தொடாமல் புது இடத்தில் சுரண்டியிருக்கிறேன். ஒழுங்காக. நேர்த்தியாக. சில தண்டுகளில் அந்தக் காயங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து முழு வட்டமாகியிருந்தன. காய்ந்த காயங்களில் உப்புப் பூத்திருந்தது. ஈரமான காயம் ஒன்றில் நகத்தளவு நண்டு ஒன்று ஏறியிருந்து அரித்துக்கொண்டிருந்தது. அதைத் தட்டிவிட்டேன். அது விழுந்து, மறுபடி அதே தண்டில் ஏறியது.

உயிர் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே கொன்றிருக்கிறேன்.

நீர் முழங்காலுக்கு வரும்வரை அங்கேயே நின்றேன். அழுகை வரவில்லை. மனம் திரும்பத் திரும்ப ஒரு கணக்கைத்தான் போட்டது: கிழமைக்கு ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று. ஞாயிற்றுக்கிழமைகள் வேறு. எவ்வளவு கவலைப்பட்டேனோ அவ்வளவு சுரண்டியிருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒன்றையும் தொடவில்லை. ஆனாலும் சாவு நிற்கவில்லை. தோல் போனவை போய்க்கொண்டே இருந்தன. ஆறாம் மாதம் முடிவதற்குள் மூன்று பாத்தியிலும் தேறியவை கொஞ்சம்தான்.

இறுதி அறிக்கைத் தாளில் ஒரு கட்டம் இருந்தது. 'இறப்புக்கான காரணம்.' அதை வெறுமையாக விட்டு சேரிடம் கொண்டுபோனேன். நடந்ததையும் சொன்னேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு என் தினக்குறிப்பேட்டைத் திறந்து, தன் கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதை வேற ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"இல்லை சேர்."

"அந்தப் பக்கம் மாடு இறங்கிறதுதானே?"

"இறங்கும் சேர். எப்பவாவது."

"அப்ப மாடு எண்டு போடுங்கோ." குரலைத் தணித்தார். "பிள்ளை, உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன். நீங்கள் நல்லா வேலை செய்யிற ஆள். மாடு எண்டால் ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். மேல இருந்து வேலி போடச் சொல்லுவினம், அவ்வளவுதான். அந்த ஒப்பந்தக் கடிதத்துக்கு உங்கட பேரைத்தான் நான் நினைச்சு வைச்சிருக்கிறன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதை நான் எங்கேயும் சொல்லுவேன். என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். தன்னையும்தான். அதில் என்ன பிழை?

தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து பென்சிலால் 'மாடு' என்று எழுதினேன். இரண்டு நாள் அது அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் இறங்குகிற மாடுகள் எங்கள் ஒழுங்கையில் பக்கத்து வீட்டுக்காரருடையவை. வேலி வந்தால் அவை மேய்ச்சலுக்கு நெடுந்தூரம் சுற்றிப் போகவேண்டும். அது தெரிந்துதான் எழுதினேன். உண்மையைச் சொன்னால், மாட்டுக்காரருக்காக நான் மனம் மாறவில்லை. அவ்வளவு நல்லவள் இல்லை. அம்மாவின் நகத்தைப் பார்க்கும்போதெல்லாம் 'மாடுதான்' என்றுதான் மனம் சொன்னது.

மூன்றாம் நாள் அம்மா என் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். பச்சைக் கோடு போயிருந்தது. நகத்தின் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது.

"இதென்னடி, என்ர நகம் மாதிரி?"

"சுரண்டினதம்மா. கன்று."

"கந்தோரில எழுத்து வேலையெண்டாய். அங்கயும் உரிக்கிறதோ?"

விளையாட்டாகத்தான் கேட்டார். நான் எழும்பிப் போய் தினக்குறிப்பேட்டை எடுத்துத் திறந்தேன். எங்கள் வீட்டில் ஒருவர் வேலைக்காகத் தன் கையால் எழுதி நிறைத்த முதல் புத்தகம் அது. கிழமைக்குக் கிழமை அதே வசனம். ஒவ்வொரு கன்றும், தனித்தனியே, சுரண்டி. எழுத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. மாடு என்று போட்டால் இந்த ஆறு மாதமும் நான் அங்கே இருக்கவே இல்லை என்று ஆகிவிடும். பிழையோ சரியோ, அந்த வேலையைச் செய்தது நான். அதைத் தூக்கி ஒரு மாட்டுக்குக் கொடுக்க என்னால் ஏலாமல் போயிற்று. அதை நேர்மை என்று மற்றவர்கள் சொல்லக்கூடும். எனக்குத் தெரியும், அது திமிர்.

பென்சிலை அழித்துவிட்டுப் பேனையால் எழுதினேன்: 'பயிலுநர் ஒவ்வொரு கன்றின் தோலையும் அடிக்கடி நகத்தால் சுரண்டியதால் ஏற்பட்ட காயம்.'

சேர் அதை இரண்டுமுறை வாசித்தார். அலுமாரியைத் திறந்து முத்திரையை எடுத்தார். குத்துவதற்கு முன் கேட்டார்.

"இன்னொரு தாள் தரட்டோ?"

"வேண்டாம் சேர்."

"யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ?"

"யோசிச்சா ஏலாமப் போயிரும் சேர்."

குத்தினார். பயிற்சி முடித்த கடிதம் கிடைத்தது. டிப்ளோமாவுக்கு அது போதும். ஒப்பந்தம் கிண்ணியாக்காரிக்குப் போயிற்று. அவள் வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தி, என் கைப்பைக்குள் ஒரு தொதல் இனிப்புத் துண்டைத் திணித்துவிட்டுப் போனாள். பஸ்ஸில் ஏறி இருந்து அதைத் தின்றேன். பசியாக இருந்தது.

அம்மாவிடம் இடம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். "ஆருக்குக் குடுத்தவை?" என்றார். சொன்னேன். "அவ உன்னைவிடக் கெட்டிக்காரியோ?" என்றார். "ஓம்" என்றேன். அம்மா அதை நம்பவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். மாவட்டக் கச்சேரி அலுவலகம், தனியார் கம்பனி, நிலாவெளியில் ஒரு ஹோட்டல். பதில் வந்த இடத்திலும் அனுபவம் எவ்வளவு என்று கேட்டார்கள். ஆறு மாதம் என்றேன். அதற்குப் பிறகு ஏன் உங்களை வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்டார்கள். அதற்குச் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இருக்கிறது. சொன்னால் வேலை கிடைக்காது. இதற்கிடையில் அம்மாவுக்குக் குளிர்த் தண்ணீரில் விரல்கள் மடங்க மறுத்தன. அரைவாசி நாள் நான் அவருக்குப் பதிலாகப் போனேன். பிறகு முழு நாளும். விரல்கள் கொஞ்சம் சுகமானதும் அம்மாவும் வந்துவிட்டார். இப்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து உரிக்கிறோம். நான் வேகம். அங்கிருப்பவர்கள், "படிச்ச பிள்ளையெண்டாலும் கை ஓடுது" என்று பகிடி பண்ணுவார்கள்.

போன மாதம் தேநீர் இடைவேளை முடிந்து உரிக்கத் தொடங்கியபோது என் போன் சத்தமிட்டது. கிண்ணியாக்காரி. ஒரு தாளைப் படம்பிடித்து அனுப்பியிருந்தாள். புதிதாக வந்திருக்கும் பயிலுநர்களுக்கான அறிவுறுத்தல் தாள். ஆறாவது வரியின் கீழே பேனையால் கோடு போட்டிருந்தாள். 'கன்றின் உயிரை இலையைக் கொண்டு மட்டும் தீர்மானிக்கவும். எக்காரணம் கொண்டும் தண்டை நகத்தால் சுரண்டக்கூடாது.'

அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: 'இது உன்ட வசனம் புள்ள.'

கை ஈரம். முழங்கையால் போனை மேசையில் தள்ளி வைத்துக்கொண்டு திரும்பவும் வாசித்தேன். அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னடி அது?"

வாசித்துக் காட்டினேன். முழுக் கதையையும் அன்றுதான் சொன்னேன். கன்று, காயம், மாடு, பேனை, எல்லாம். அம்மா கேட்டுக்கொண்டே உரித்தார். இடையில் ஒருமுறைதான் கை நின்றது.

"அப்ப, இப்ப வாற பிள்ளையள் எல்லாரும் நீ சொன்னபடிதான் செய்யினமோ?"

"ஓமம்மா."

"அரசாங்கத்துத் தாளில உன்ர வசனம்."

"ஓம். பேர் இல்லை."

அடுத்த கூடையை எங்களுக்கு நடுவே கொட்டினார்கள். ஐஸ் சிதறியது.

"அப்ப ஏன் உன்னை எடுக்கேல்ல?" என்றார் அம்மா.

ஒரு இறாலை எடுத்து, தலைக்குப் பின்னால் நகத்தை வைத்தேன்.